நாற்பத்தோராம் வீடு

அந்த வரைபடம் நன்றாக வந்திருந்தது. என் வயிற்றெரிச்சலே அதுதான். நாலு பிள்ளைகள் கோணல்மாணலாகக் கிறுக்கியது போல் வந்திருந்தால் எந்த அதிகாரியும் அதைச் சீந்தியிருக்க மாட்டார். முதல் பரிசு கிடைத்திருக்காது. பத்திரிகைப் படத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். மாரியாயி இன்றைக்குக் கிள்ளானில் ஏதோ ஒரு மூன்றாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

என் பெயர் தங்கமணி. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருடம் ஆசிரியையாக இருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸ். தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். பிள்ளைகள் எனக்கு 'மிளகாய் டீச்சர்' என்று பேர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு கோலாலம்பூரில் இருந்து சபாபதி என்று ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருந்தவர். பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் ஒரு அளவு நாடா. மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை 'பார்ட்னர்ஷிப்' என்பார்.

"பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பின்னால கம்பத்துல குடியிருக்கிற ஜனங்க ஒரு பக்கம், எங்க சங்கம் ஒரு பக்கம். மூணு பேரும் சேர்ந்து ஆத்தைப் பத்திப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும் டீச்சர். புத்தகத்துல இல்ல, ஆத்தோரத்துலயே."

"மூணு பேரு சேர்ந்தா டீ குடிப்பாங்க சார். வேலைய யாரு செய்யறது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கடைசியில் வேலை என் தலையில்தான் விழுந்தது. விழட்டும் என்று நானும் தலையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பள்ளிக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் பழைய மில் கம்பம் என்கிற குடியிருப்பு. ஒரு காலத்தில் அங்கே ரப்பர் மில் இருந்தது. மில்லை மூடிவிட்டுப் போனார்கள், வேலையாட்கள் போக இடமில்லாமல் அங்கேயே பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். பிறகு தோட்டங்களில் இருந்து வந்தவர்களும் சேர்ந்தார்கள். கிள்ளான் ஆற்றின் கிளை ஒன்றை ஒட்டி நாற்பத்தொரு வீடுகள். நிலம் அரசாங்கத்துடையது. குப்பை லோரி வராது, கால்வாய் கிடையாது. எல்லாம் ஆற்றுக்குத்தான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அங்கிருந்து வருபவர்கள்.

கம்பத்துக் கமிட்டித் தலைவர் தம்புசாமி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கம்பத்து மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் பொறுப்பு. எங்கள் திட்டத்தைக் கேட்டதும், "ஆறு நாறுதுன்னு கண்டுபிடிக்கப் படம் வேற வரையணுமா டீச்சர்? மூக்கு இருந்தா போதும் லா," என்றார். இருந்தாலும் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். படத்தைக் காட்டிக் குப்பை லோரியும் கால்வாயும் கேட்கலாம் என்று சபாபதி சொன்னதும் அவரே முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

எட்டுச் சனிக்கிழமைகள் வேலை நடந்தது. பிள்ளைகள் டின் மூடிக்குக் கறுப்பும் வெள்ளையும் பெயின்ட் அடித்துக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். எத்தனை அடியில் மூடி கண்ணுக்கு மறைகிறது என்று குறிப்பார்கள். கம்பத்தில் ஒரு சாண்கூடத் தெரியாது. பிறகு வீடு வீடாகப் போவோம். சமையல் தண்ணீர் மட்டும் ஆற்றுக்குப் போனால் பச்சைப் புள்ளி. குப்பையும் போனால் மஞ்சள். ஆற்றுக்கு மேலேயே பலகை போட்டுக் கக்கூஸ் கட்டியிருந்தால் சிவப்பு.

ஒவ்வொரு சனிக்கிழமையும் புறப்படும் முன் கரும்பலகையில் நான் இரண்டு வரி எழுதுவேன். 'பார்த்ததை வரை. பார்க்காததை வரையாதே.' பிள்ளைகள் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கவில்லை என்றால் அன்றைக்கு ஆற்றங்கரை கிடையாது. அவ்வளவு கண்டிப்பு எனக்கு!

படம் வரைந்தது கோமதி. ஐந்தாம் வகுப்பு, மாரியாயியின் சின்ன மகள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாது. பென்சிலைக் கொடுத்தால் கை பேசும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே எத்தனை எட்டு என்று நடந்து எண்ணி, ஒரு எட்டுக்கு இவ்வளவு என்று தாளில் குறைத்து, ஆறு எங்கே வளைகிறதோ அங்கே அப்படியே வளைத்து வரைந்திருந்தது. சபாபதி அளவு நாடாவைப் போட்டுப் பார்த்தார். "டீச்சர், நில அளவை ஆபீஸ்லகூட இந்தக் கம்பத்துக்கு இப்படி ஒரு படம் கிடையாது," என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அவர்கள் வீடு நாற்பத்தோராவது. கம்பத்தின் கடைசியில், ஆறு வளையும் இடத்தில், ஆற்றங்கரைச் சேற்றில் பனை போல் வளரும் நிப்பா மரங்களுக்குப் பின்னால் தனியாக இருந்தது. மாரியாயியின் புருஷன் கன்னையா உயிரோடு இருந்தபோது கட்டியது. அந்த வீட்டுக்கும் சிவப்புப் புள்ளிதான். தன் வீட்டுக்கு அந்தப் புள்ளியைக் கோமதி தானே வைத்தது. நான் வைக்கச் சொல்லவில்லை. பார்த்ததைத்தானே வரைய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கண்காட்சி. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மாரியாயி வந்தாள். பாசார் சந்தையில் மீன் கழுவும் வேலை அவளுக்கு. வகுப்பு வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்கக்கா."

"வேணாம் டீச்சர், மீன் வாடை அடிக்கும். இங்கயே நிக்கிறேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஒரு ஒத்தாசை பண்ணணும் டீச்சர். ஞாயித்துக்கெழம செமினிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க. எங்க பெரியவ சீதாலெட்சுமியப் பாக்க. நம்ம வீட்டுல நாலு பேரு உக்கார முடியுமா? அதான் கோயில்லயே பொண்ணக் காட்டிடலாம்னு தம்புசாமி அண்ணன் சொன்னாரு."

"நல்ல விஷயம்தானே? சந்தோஷமா செய்யுங்க."

"அதே மண்டபத்துலதானே டீச்சர் உங்க படத்தையும் மாட்டப் போறீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சின்னது சொல்லிச்சி. நம்ம வீட்டுக்குச் செவப்பாம். செவப்புன்னா என்னான்னு கீழ எழுதி வேற வச்சிருக்காம். அவங்க வந்து நிக்கிறப்ப அதத்தான் மொதல்ல பாப்பாங்க. ஆத்துமேல குந்துற வீட்டுலேருந்து பொண்ணு எடுக்கிறாங்கன்னு ஊருல சொல்ல மாட்டாங்களா? அப்பன் இல்லாத புள்ள டீச்சர். ரெண்டு எடம் ஏற்கெனவே தட்டிப் போச்சி. அந்தப் புள்ளிய மட்டும் எடுத்துடுங்க டீச்சர். வேற ஒண்ணும் வேணாம்."

பத்தொன்பது வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க ஆள் வருவது ஒரு வீட்டுக்குத்தான். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். மனசு கேட்கவில்லை.

ஆனால் புள்ளியை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது? எல்லா வீட்டுக்கும் புள்ளி இருக்கும்போது ஒரு வீடு மட்டும் மொட்டையாக நின்றால் பார்ப்பவன் கேட்க மாட்டானா? பச்சை வைக்கலாம். பச்சை வைத்தால் அது பொய். எட்டு வாரமாகப் பிள்ளைகளைக் கத்த வைத்த நான், என் கையாலேயே ஒரு பொய்ப் புள்ளி வைப்பதா? சே! அது என்னால் முடியாது. என் படத்தில் இருப்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். இல்லாதது இல்லாமல் போகட்டும்.

"அக்கா, புள்ளிய மாத்த முடியாது. வேணும்னா வீட்டையே எடுத்துடறேன்," என்றேன்.

"வீட்டையேவா?"

"படத்துலதானேக்கா? ஆத்தோரத்துல உங்க வீடு அப்படியேதான் இருக்கப் போவுது."

மாரியாயிக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, மீன் வாடையையும் மறந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "புண்ணியமாப் போவும் டீச்சர்," என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. பென்சில் கோட்டின் மேல் மையால் வரையும் நாள். கோமதியைக் கூப்பிட்டு நாற்பத்தோராம் வீட்டை அழிக்கச் சொன்னேன். அது படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"நம்ம வீடு இருக்குதே டீச்சர்."

"இருக்கு. அழி."

"பாத்ததத்தான் வரையணும்னு சொன்னீங்க."

எனக்குச் சுரீர் என்றது. பதினொரு வயதுப் பிள்ளை என் வார்த்தையை என்னிடமே திருப்புகிறதே என்ற கோபம். "நிப்பா மரத்தையும் பாத்தேல்ல? அந்த எடத்துல நாலு நிப்பா மரம் வரை. அதுவும் பாத்ததுதான்," என்று அதட்டினேன்.

கோமதி ரப்பரை எடுத்தது. தாள் கிழியாமல் மெதுவாகத் தேய்த்தது. பிறகு நாலு நிப்பா மரம் வரைந்தது. ஐயோ, அதையும் எவ்வளவு அழகாக வரைந்தது! பார்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் வீடு இருந்த சுவடே தெரியாது.

படத்தின் கீழே தமிழிலும் மலாயிலும் ஒரு உறுதிமொழி எழுத வேண்டும் என்று சபாபதி சொல்லியிருந்தார். 'இக்கம்பத்தில் உள்ள எல்லா வீடுகளையும் நேரில் பார்த்தோம். மொத்தம் நாற்பது வீடுகள்.' நாற்பது என்று எழுதியது நான். கீழே மூன்று கையெழுத்து. பள்ளிக்காக நான், கம்பத்துக்காகத் தம்புசாமி, சங்கத்துக்காகச் சபாபதி. "டீச்சர் போட்டாச்சுன்னா அப்புறம் என்னா பாக்கறது?" என்று தம்புசாமி எண்ணிப் பார்க்காமலே போட்டார். சபாபதியும் அப்படித்தான். என்னை நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. எந்த வீடு யாருடையது என்று தேடுவதில்தான் கம்பத்து ஜனங்களுக்குக் குஷி. சிவப்புப் புள்ளிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். படத்துக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் வேலை கோமதிக்கு. பதினொரு மணிக்குச் செமினிக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். சாமி கும்பிட்டார்கள், சீதாலெட்சுமியைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கையை முதுகில் கட்டிக்கொண்டு படத்தைப் பார்க்க வந்தார்.

"இத நீயா வரைஞ்ச பாப்பா? கெட்டிக்காரிதான்! சரி, உங்க வீடு எது, காட்டு பாப்போம்."

மாரியாயி காப்பித் தட்டோடு சிலையாகிவிட்டாள். கோமதி என்னை ஒரு தடவை பார்த்தது. நான் கண்ணை உருட்டினேன்.

"படத்துல இல்லீங்க," என்றது.

"அப்படியா? தள்ளி இருக்கீங்களோ?" என்று கேட்டுவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். நிச்சயம் அன்றைக்கே பேசி முடிந்தது.

மறு வருடம் தைப்பூசம் கழித்துக் கல்யாணம். மாரியாயி பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் பஸ் ஏறி வந்து தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தாள். கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, "இவங்கதான் எங்க டீச்சர், இவங்க இல்லன்னா இந்தக் கல்யாணம் இல்ல," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படத்துக்கு மாநில அளவில் முதல் பரிசு கிடைத்தது. அதை நானும் தம்புசாமியும் சபாபதியும் மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துப் போய் அதிகாரியிடம் கொடுத்தோம். கேமராக்காரர் வந்தார். இரண்டு மாதத்தில் கம்பத்துக்குக் குப்பை லோரி வர ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு நாள். லோரி வந்த முதல் நாள் தம்புசாமி அதற்குத் தேங்காய் உடைத்தார்.

படம் வரைந்து மூன்று வருடம் போயிற்று. தொண்ணூற்றிரண்டில் ஆற்றை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கம்பம் முழுவதும் காலி செய்ய வேண்டும். முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்கு மட்டும் அடுக்குமாடியில் ஆளுக்கொரு மலிவு வீடு. அவ்வளவுதான், சேதி பரவிய இரண்டு வாரத்தில் கம்பத்தில் இருபது புதுக் குடிசைகள் முளைத்துவிட்டன. யார் யாரோ எங்கிருந்தோ வந்து நாலு பலகையை அடித்துவிட்டு, 'பத்து வருஷமா இருக்கோம்' என்றார்கள். தம்புசாமியும் வேண்டியவர்கள் என்று ஐந்து பேருக்குச் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஐந்தும் புதுக்குடிசை என்று ஒரே நாளில் வெளிப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் பேச்சையோ கம்பத்தில் வேறு யார் சாட்சியையோ அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

எது பழைய வீடு, எது புது வீடு? அலுவலகத்தில் ஒரு நல்ல ஆதாரம் இருந்தது. தேதி போட்டு, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, பத்திரிகையில் படம் வந்த ஆதாரம். நாற்பது வீடு.

மாரியாயி பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டாள். "டீச்சர், லிஸ்டுல நம்ம பேரு இல்ல டீச்சர். புது வீடுங்கிறாங்க. என் புருஷன் கட்டின வீட்டப் புது வீடுங்கிறாங்க!"

அவளிடம் வேறு என்ன காட்ட இருந்தது? அடையாள அட்டையில் பந்திங் தோட்டத்து விலாசம், அதை அவள் மாற்றவே இல்லை. கரண்டு மீட்டர் கிடையாது, தம்புசாமி வீட்டில் இருந்து வயர் இழுத்திருந்தார்கள். தபால்காரர் கம்பத்தின் கடைசி வரை வர மாட்டார் என்பதால் பள்ளிப் பதிவேட்டில்கூடத் தம்புசாமி வீட்டு விலாசம்தான். எப்படிப் பார்த்தாலும் நாற்பத்தோராம் வீடு எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒரே ஒரு தாளில் இருந்தது. அதை நான் அழித்திருந்தேன்.

அன்றே அலுவலகத்துக்குப் போனோம். நான், மாரியாயி, கோமதி, தம்புசாமி. கோமதி அப்போது ஒரு வருடப் புகுமுக வகுப்பு முடித்து, இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம். நீல யூனிபார்மோடு வந்திருந்தது. வெளியே வராந்தாவில் கம்பத்து ஜனங்கள் சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்கக் காத்திருந்தார்கள். அதிகாரி ஒரு மலாய்க்காரர், தன்மையான மனுஷர். மேசை மேல் படத்தை விரித்து வைத்திருந்தார். நாலு நிப்பா மரமும் கருகருவென்று அப்படியே இருந்தன.

கீழே இருந்த பெயரைப் பார்த்துவிட்டுக் கோமதியிடம் மலாயில் கேட்டார், "இத நீதானா வரைஞ்சது?"

"ஆமாங்க."

"உங்க வீடு எங்க இருக்கு, காட்டும்மா."

கோமதி படத்தைப் பார்த்தது. அதற்கு எங்கே என்று தெரியும். விரலை அந்த வளைவில் வைத்தது. பிறகு எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை.

"படத்துல இல்லீங்க," என்றது.

எனக்குத் தாங்கவில்லை. "அழிக்கச் சொன்னது நான்தான்!" என்று கத்திவிட்டேன். ஏன் அழித்தேன், எப்போது அழித்தேன், எல்லாவற்றையும் கொட்டினேன். பெண் பார்க்க வந்த கதையை எல்லாம் சொன்னேன். பாதியில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அதிகாரி முழுவதையும் கேட்டார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். மலாயில் டீச்சருக்குச் 'சிக்கு' என்பார்கள்.

"சிக்கு, படம் தப்புன்னு எழுதிக் கொடுங்க. நான் மேல அனுப்புறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஒரு வீடு தப்புன்னா மத்த நாற்பதும் சரின்னு யாரு சொல்றது? ஒதுக்கினத எல்லாம் நிறுத்திட்டு மொதல்லேருந்து விசாரிக்கணும். அதுக்கு எத்தனை மாசம் ஆகும்னு எனக்குத் தெரியாது. கம்பத்த உடைக்கிற தேதி மாறாது. இன்னும் பத்து நாள்."

தம்புசாமி என் காதருகே குனிந்தார். "டீச்சர், நாப்பது குடும்பம் டீச்சர்." அவ்வளவுதான் சொன்னார். வராந்தாவில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

பேனாவை எடுத்தேன். மாரியாயி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதுங்கள் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 'நான், தங்கமணி' என்று மலாயில் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பேனாவை வைத்துவிட்டேன்.

நாற்பது குடும்பத்துக்காகத்தான் வைத்தேன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். பல பேரிடமும் அப்படித்தான் சொன்னேன். அது பாதி. பரிசு வாங்கிய படம், பத்திரிகையில் என் பேரோடு வந்த படம், அது பொய்ப் படம் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. அது மறுபாதி. எந்தப் பாதி பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

சபாபதிக்கு டெலிபோன் செய்தேன். அவர் நல்லவர், நாலு இடத்துக்குக் கடிதம் எழுதினார். லிஸ்டில் இல்லாதவர்களுக்கு வீடு கிடையாது என்று, புதுக்குடிசைக்காரர்கள் எல்லோருக்கும் போன அதே பதில்தான் வந்தது.

பத்தாம் நாள் காலையில் லீவு போட்டுவிட்டுக் கம்பத்துக்குப் போனேன். கோயில் பக்கம் ஒரே சத்தம். நாற்பது குடும்பமும் மூட்டை முடிச்சோடு லோரி ஏறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு மாடி வீட்டுக்குப் போகிற சந்தோஷம், "டீச்சர், அங்க இழுத்தா தண்ணி ஊத்தற கக்கூசு டீச்சர்!" என்று என் பழைய மாணவன் ஒருவன் கத்திக்கொண்டு போனான். நான் ஆறு வளையும் பக்கம் நடந்தேன்.

அங்கே ஒரு சின்ன லோரி தனியாக நின்றது. மாரியாயியின் தம்பி பந்திங்கில் இருந்து கொண்டுவந்தது. அவன் வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். கழற்றிய கூரை நாகத் தகடுகளை ஏற்றியிருந்தார்கள், மேலே இரண்டு பாய், ஒரு தையல் மெஷின், மீன் வெட்டும் கத்தி செருகிய கூடை. கோமதிக்கு அங்கே பள்ளிக்கூடம் எங்கே என்றே இன்னும் பார்க்கவில்லையாம்.

"அக்கா," என்றேன். வேறு என்ன சொல்வது? "என்ன மன்னிச்சிடுங்கக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர். சீதா நல்லாருக்கா. இப்ப ரெண்டு மாசம்," என்றாள். கூடையைத் தூக்கி லோரியில் வைத்தாள். கதவைத் திறந்து ஏறப் போனவள் நின்று, என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை அவள் முகத்தில். எனக்கு ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்துவது போல்தான் சொன்னாள்.

"ஆனா நான் புள்ளிய மட்டும்தானே டீச்சர் எடுக்கச் சொன்னேன்."

தம்பி ஹார்ன் அடித்தான். கோமதி அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில், மடியில் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தது. லோரி மண் பாதையில் ஆடி ஆடிப் போய் மெயின் ரோட்டில் ஏறியது.

அடுத்த வாரம் பள்ளி விட்டதும் தனியாகப் போய்ப் பார்த்தேன். இயந்திரம் தன் வேலையை முடித்திருந்தது. அந்த வளைவில் ஒரு பலகை இல்லை, ஒரு கல் இல்லை. கரையில் நிப்பா மரங்கள் மட்டும் நின்றன. எண்ணினேன், நாலு இருந்தன. படத்தில் இருந்தபடியே.